டூட்டூவின் நீளம் ஏன் குறைந்தது? பாலே உடை குறித்த கேள்வி பதில்

கேள்வி (நடனம் பயிலும் மாணவி): பாலே என்றாலே தட்டுபோல் விரிந்து நிற்கும், 'டூட்டூ' எனப்படும் அந்தக் குட்டைப் பாவாடைதான் நினைவுக்கு வருகிறது. தொடக்கம் முதலே அப்படித்தான் இருந்ததா?

பதில்: இல்லை. பிரான்சில் 14ஆம் லூயி மன்னர் 1661இல் நடனக் கழகத்தை நிறுவிய காலத்தில், மேடை உடை என்பது அரசவை உடையேதான். பாரிஸ் ஓபராவின் மேடையில் தொழில்முறைப் பெண்கள் ஆடத் தொடங்கியதே 1681இல்தான். அவர்களும் தரையைத் தொடும் கனத்த பாவாடையோடும் இறுகப் பிணைத்த மேல்சட்டையோடும் ஆடினார்கள். 1726இல் அங்கே அறிமுகமான மரி கமார்கோ, அதுவரை ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட குதித்தாட்டங்களில் தேர்ந்தவர். காற்றில் கால்களை மாற்றி மாற்றிக் கோக்கும் அந்த நுட்பம் பாவாடைக்குள் மறைந்து போனால் யாருக்கு என்ன பயன்? ஆகவே அவர் விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினார். இன்றைய கண்ணுக்கு அது நீளப் பாவாடைதான்; அன்றைக்கு அதுவே பெரும் சர்ச்சை. டூட்டூவின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே பார்த்துவிடலாம் என்பது என் கருத்து. காலின் வேலை நுட்பமாக ஆக ஆக, துணி விலகி வழிவிட்டிருக்கிறது.

கேள்வி (நாடக ஒப்பனைக் கலைஞர்): 'ரொமான்டிக் டூட்டூ' என்று ஒரு வகையைச் சொல்கிறார்களே, அது எது?

பதில்: முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே மணிபோல் விரிந்து தொங்கும் வெள்ளைப் பாவாடைதான் அது. 1832 மார்ச் 12 அன்று பாரிஸில் அரங்கேறிய 'லா சில்ஃபீட்' நடன நாடகத்தில் மரி தக்லியோனி அணிந்த உடை இதற்கு முன்மாதிரியாயிற்று. அதை வடிவமைத்தவர் ஓவியர் யூஜீன் லாமி என்பது மரபான கூற்று. தக்லியோனி ஏற்ற வேடம் காற்றில் வாழும் ஓர் அணங்கு. நுனிக்கால் ஆட்டமும் சல்லாத்துணியும் சேர்ந்துதான் அந்த எடையற்ற தோற்றத்தைத் தந்தன. மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: அப்போதுதான் அரங்குகளுக்கு வந்திருந்த எரிவாயு விளக்கு. அதன் மங்கலான ஒளி அடுக்கடுக்கான மெல்லிய வெள்ளைத் துணியில் பட்டபோது, பாவாடை நிலவொளியில் நிற்கும் மூடுபனிபோல் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த 'ஜிசெல்' இந்த அழகை நிலைநிறுத்திவிட்டது.

கேள்வி (அதே ஒப்பனைக் கலைஞர்): திறந்த சுடருக்கு அருகில் அத்தனை மெல்லிய துணியா? ஆபத்து நேரவில்லையா?

பதில்: நேர்ந்தது, பலமுறை. லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனமணி 1844 டிசம்பரில் மேடையிலேயே உடை தீப்பற்றி, அந்தக் காயங்களால் இறந்தார். எனினும் மனத்தை மிகவும் உலுக்குவது எம்மா லிவ்ரியின் முடிவு. அவர் தக்லியோனியின் மாணவி. ஆசிரியை அவருக்காகவே 1860இல் அமைத்த 'பட்டாம்பூச்சி' என்ற நடன நாடகத்தில், சுடரில் சிறகு கருகும் பட்டாம்பூச்சியாக ஆடியவர். அக்காலத்தில் படிகாரம் முதலிய உப்புகள் கலந்த கரைசலில் துணியை நனைத்துத் தீயைத் தடுக்கும் முறை வழக்கத்துக்கு வந்திருந்தது. ஆனால் அவ்வாறு நனைத்த துணி விறைத்து, வெண்மை மங்கி, மிதக்கும் தன்மையை இழந்துவிடும். லிவ்ரி அதை அணிய மறுத்தார். தம் வழக்கமான பாவாடையிலேயே ஆடுவேன் என்று எழுத்தாலும் தெரிவித்தார். 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையின்போது அவருடைய பாவாடை எரிவாயு விளக்கில் பட்டுத் தீப்பிடித்தது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, 1863 ஜூலையில், இருபது வயதில் இறந்தார். எரிந்து எஞ்சிய அந்த உடையின் துண்டுகளைப் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகம் இன்றும் பாதுகாத்து வருகிறது. அவருடைய பிடிவாதத்தைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை. அந்தத் துணி மிதக்காவிட்டால் தம் ஆட்டமே இல்லை என்று அவர் நம்பினார்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): பிறகு தட்டு வடிவம் எப்போது வந்தது?

பதில்: 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். இத்தாலியில் பயின்ற நடனமணிகள் வேகமான சுழற்சிகளோடும் உறுதியான நுனிக்கால் ஆட்டத்தோடும் ரஷ்யாவுக்கு வந்தார்கள். 1885இல் பீட்டர்ஸ்பர்க் வந்த விர்ஜீனியா சுக்கி, குட்டைப் பாவாடைதான் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1895இல் அங்கே 'அன்னப் பொய்கை'யில் பியரினா லெஞானி ஒற்றைக்காலில் நின்று தொடர்ந்து 32 சுற்றுகள் சுழன்றார். இன்னொரு காலைச் சாட்டைபோல் வீசி வீசிச் சுழல்வதைப் பார்ப்பதற்குத் தொடைவரை தெரிய வேண்டாமா? ஆயினும் அப்போதைய பாவாடை சற்றுத் தாழ்ந்தே இருந்தது. இடுப்பிலிருந்து நேர்க்கோடாக நீட்டி நிற்கும் தட்டு வடிவம் 20ஆம் நூற்றாண்டில் முழுமை பெற்றது.

கேள்வி (தையல் தொழிலில் இருப்பவர்): அது தொங்காமல் எப்படி நிற்கிறது? கஞ்சி போடுகிறார்களா?

பதில்: கஞ்சி மட்டும் போதாது; அதன் சூட்சுமம் அடுக்குகளில் இருக்கிறது. இடுப்போடு ஒட்டிய உள்ளாடையின் மேல், கொசுவலையைவிட விறைப்பான வலைத்துணியைச் சுருக்குப் பிடித்து ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு வரிசைகள் தைப்பார்கள். காலுக்கு அருகில் உள்ள அடுக்கு இரண்டு விரல் அகலமே இருக்கும். மேலே போகப் போக அகலம் கூடும். கீழ் அடுக்குகள்தான் மேல் அடுக்குகளைத் தாங்குகின்றன. தட்டையாக நிற்க வேண்டியதானால், நடு அடுக்கு ஒன்றில் மெல்லிய உலோகக் கம்பி வளையத்தைச் செருகுவார்கள். கடைசியில் எல்லா அடுக்குகளையும் இணைத்துத் தளர்வான கைத்தையல் போட வேண்டும். முதன்முதலில் நான் தைத்த டூட்டூவில் அந்தத் தையலை இறுக்கிவிட்டேன். அணிந்தவர் குதித்து இறங்கியதும் பாவாடை ஒரே பலகையாக மேலெழுந்து அவர் விலாவில் இடித்தது. தையல் முழுவதையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நூலை விட்டு மறுபடி போட்ட பிறகுதான் அது மூச்சு விட்டதுபோல் அசைந்தது.

கேள்வி (நடனம் பயிலும் மாணவி): கம்பி இல்லாத வகையும் உண்டாமே?

பதில்: உண்டு. 1950இல் நியூயார்க் சிட்டி பாலே குழுவினரின் 'சிம்ஃபனி இன் சி' நடனத்துக்கு உடையமைத்த பார்பரா கரின்ஸ்கா, கம்பியை நீக்கிக் குறைந்த அடுக்குகளோடு பவுடர் பஞ்சுபோன்ற ஒரு வடிவத்தைச் செய்தார். கம்பி வைத்த டூட்டூ அணிந்த பலர் நெருங்கி நிற்கும்போது ஒருவருடையது மற்றவருடையதில் இடித்து எல்லாமே சாய்ந்துவிடும் என்பதே காரணம்.

கேள்வி (வாசகர்): ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவுக்கும் நம் ருக்மிணி தேவிக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். 1920களின் இறுதியில் இருவரும் சந்தித்தனர்; பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்ற பாவ்லோவாவின் தூண்டுதலே அவரைப் பரதத்தின் பக்கம் திருப்பியது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): 'டூட்டூ' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

பதில்: பின்புறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுக் கொச்சைச் சொல்லைக் குழந்தைகள் மழலையில் சொல்வதன் திரிபு என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (தையல் தொழிலில் இருப்பவர்): வியர்வையில் ஊறிய உடையை எப்படித் துவைப்பது?

பதில்: முழுதாக நனைத்தால் வலைத்துணி விறைப்பை இழந்துவிடும், ஆதலால் பெரும்பாலும் துவைப்பதில்லை. மேல்சட்டையின் உட்புறத்தில் வோட்காவைத் தெளித்துக் காற்றாட விடுவது பல அரங்குகளின் உடைப்பிரிவினர் கையாளும் வழி. சாராயம் ஆவியாகும்போது வாடையும் போய்விடும். பிறகு டூட்டூவைத் தலைகீழாகத் தொங்க விடுங்கள். அடுக்குகள் தொய்யாமல் இருக்கும்.