கோசுமெலில் ஒரே பகல்: சிச்சென் இட்சா வேண்டாம்

காலை 8 முதல் மாலை 5 வரைதான் சுற்றுலாக் கப்பல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நிற்கும், உங்களுக்கு எதிர்க்கரை நிலப்பகுதியில் மாயா மக்கள் கட்டிய பழைய நகரமான சிச்சென் இட்சா பார்க்க வேண்டும், மனைவிக்கோ படகு என்றாலே குமட்டல் என்று எழுதியிருந்தீர்கள். சிச்சென் இட்சாவை விட்டுவிடுங்கள். எதிர்க்கரை ஊரான பிளாயா டெல் கார்மெனுக்குப் படகிலேயே முக்கால் மணி நேரம்; இடையிலுள்ள கடலின் அலை நன்றாகவே ஆட்டும். அப்புறம் பேருந்தில் இரண்டரை மணி நேரம். திரும்பவும் அதே பாடு. இவ்வளவு அலைந்தும் அங்குள்ள பிரமிடில் ஏற விடமாட்டார்கள்.

தீவுக்குள்ளேயே சான் கெர்வாசியோ என்ற மாயா இடிபாடுகள் இருக்கின்றன. இஷ்செல் என்ற மாயா தெய்வத்தை வேண்டிப் பெண்கள் கடல் கடந்து வந்த இடம். கட்டடங்கள் சின்னவைதான். ஆனால் ஒரு சுவரில் சிவப்புக் கைத்தடங்களைப் பார்க்கலாம். கற்களின் மேல் உடும்பு போன்ற இகுவானாக்கள் வெயில் காயும். டாக்சியில் போய்வரலாம். வண்டிக்கூலியை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். கொசு மருந்து அவசியம்.

ஒன்று மட்டும் கவனம்: கப்பல் நேரமும் தீவு நேரமும் சில மாதங்களில் ஒரு மணி நேரம் வேறுபடும். கைப்பேசி தானாகத் தீவு நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கையில் இருக்கட்டும்.