ஆதிக் கிறிஸ்தவத்திலும் யூதத்திலும் மதம் மாற என்ன செய்ய வேண்டியிருந்தது? பவுல் மதம் மாறியவரா?

இயேசுவின் செய்தியைப் பரப்பிய யூதரான பவுல், யூதத்தை விட்டு வேறு மதத்துக்குப் போனவர் என்பது பிற்காலப் பார்வை. அவர் காலத்தில் கிறிஸ்தவம் தனி மதமாகப் பிரிந்திருக்கவில்லை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் (கடிதத்தில்) தன்னைக் கடவுள் அழைத்தார் என்றுதான் அவரே எழுதுகிறார். மதம் மாறியவர்கள் என்றால் பல தெய்வங்களை வணங்கிவந்த புறஜாதியாரை, அதாவது யூதரல்லாதவர்களைச் சொல்லலாம்.

அவர்களுக்கு யூதத்தில் சேர்வது ஓர் இனத்துக்குள் நுழைவது. யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத்தின் யெபாமோத் பகுதி நடைமுறையை வரிசையாகச் சொல்கிறது. "இஸ்ரவேலர் இப்போது ஒடுக்கப்பட்டுக் கிடப்பது தெரியாதா, ஏன் வருகிறாய்?" என்பதுதான் முதல் கேள்வி. "தெரியும், அதற்கும் நான் தகுதியற்றவன்" என்றால் உடனே ஏற்பார்கள். எளிய கட்டளைகள் சில, கடினமானவை சில சொல்வார்கள். அறுவடையில் ஏழைகளுக்கு விடவேண்டிய பங்கையும் மறக்காமல் சொல்வார்கள். அளவுக்கு மேல் சொல்லி மிரட்டக் கூடாது என்றும் விதி உண்டு. பிறகு ஆண்களுக்கு விருத்தசேதனம், அதாவது ஆண்குறியின் நுனித்தோலை வெட்டுதல். தோல் மிச்சமிருந்தால் மறுபடி வெட்ட வேண்டும். புண் ஆறியதும் முழுக்கு: குளத்தில் குறைந்தது 40 செயா (பழைய யூத அளவை) தண்ணீர் வேண்டும், உடலில் எதுவும் தடுப்பாக ஒட்டியிருந்தால் முழுக்கு செல்லாது. பெண்ணைக் கழுத்தளவு நீரில் பெண்களே உட்காரவைப்பார்கள். அறிஞர்கள் வெளியே நின்று கட்டளைகளைச் சொல்வார்கள். மூழ்கி எழுந்தவர் எல்லா வகையிலும் இஸ்ரவேலர். பிறகு பழைய வழிக்கே திரும்பினாலும் அவர் செய்த மண ஒப்பந்தம் செல்லும். வழிதவறிய யூதர், அவ்வளவுதான்.

பலரைத் தயங்க வைத்தது விருத்தசேதனம். யூதர்களின் ஜெப ஆலயத்தை ஆதரித்துக்கொண்டு, மதம் மாறாமலே வாசலில் நின்ற 'தேவபக்தர்கள்' இருந்தார்கள். இன்றைய துருக்கியில் உள்ள அஃப்ரோடிசியாஸ் நகரக் கல்வெட்டு அவர்களைத் தனிப் பட்டியலாகவே தருகிறது. மெசபொத்தேமியாவின் வடபகுதியில் இருந்த அதியபேன் நாட்டு அரசர் இசாத்தேசிடம் அனனியா என்ற யூத வணிகர், விருத்தசேதனம் செய்யாமலே கடவுளை வழிபடலாம் என்றார். பின்னால் வந்த கலிலேயர் எலெயாசரோ, சட்டத்தை வாசித்தால் போதாது, அதன்படி செய்யவேண்டும் என்றார். அரசர் செய்துகொண்டார் என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு.

சுமார் 49இல் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள், புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதனால் வழி சுலபமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரோம் நகரத் திருச்சபை எழுத்தாளர் இப்போலித்து பெயரில் வழங்கும் 'அப்போஸ்தல மரபு' என்ற பழைய ஒழுங்குநூல் 3 ஆண்டுப் பயிற்சி கேட்கிறது. தொழிலையும் விசாரிப்பார்கள்: கிளாடியேட்டர், விபச்சார விடுதி நடத்துபவர் தொழிலை விட வேண்டும். படைவீரர் ஆளைக் கொல்லக் கூடாது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் விடுவது நல்லது, வேறு பிழைப்பு இல்லையென்றால் தொடரலாம். (புராணத் தெய்வக் கதைகளைத்தானே அன்று பாடமாக நடத்தினார்கள்!) ஞானஸ்நானம் சேவல் கூவும் வேளையில்: சாத்தானைத் துறந்து, எண்ணெய் பூசி, 3 கேள்விகளுக்கு 'நம்புகிறேன்' சொல்லி, 3 முறை முழுக்கு. அதைவிடப் பழைய கிறிஸ்தவ ஒழுங்குநூலான 'டிடாகே' ஓடும் நீரைக் கேட்கிறது. இல்லையென்றால் வேறு நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் 3 முறை ஊற்றலாம்.

சிக்கல் பிறகு வந்தது. ஞானஸ்நானம் முன்செய்த பாவங்களைக் கழுவும். அதற்குப் பின் பெரிய பாவம் செய்தால் மீள்வது மிகக் கடினம். எனவே பலர் பயிற்சி நிலையிலேயே காலத்தைத் தள்ளினார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றது 337இல், சாகக் கிடந்தபோது.