மலையில் வழிதவறியவரை நூற்றுக்கணக்கானோர் தேடியும் ஏன் கிடைப்பதில்லை? உண்மையில் எப்படித் தேடுகிறார்கள்?

"ஹெலிகாப்டர், மோப்ப நாய், டிரோன், இருநூறு ஆட்கள், இத்தனையும் இருந்து டிரெக்கிங் போன ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா?" என்பது கேள்வி. முடியாமல் போவதற்கு முதல் காரணம் வெறும் கணக்குதான், அதனால் அதிலிருந்தே தொடங்கிவிடலாம்.

கடைசியாக அவரைப் பார்த்த இடத்தை மையமாக வைத்து 3 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பரப்பு 28 சதுர கி.மீ. ஆரத்தை 6 கி.மீ. ஆக்கினால் 113 சதுர கி.மீ. மிதவெப்ப மலைப்பகுதிகளில் வழிதவறியவர்களைப் பற்றித் திரட்டிய பதிவுகளில் பாதிப் பேர் சுமார் 3 கி.மீ.க்குள் கிடைத்திருக்கிறார்கள். 95 சதவீதம் பேரை உள்ளடக்க வேண்டும் என்றால் ஆரம் 18 கி.மீ. ஆகிவிடும், பரப்பு ஆயிரம் சதுர கி.மீ.யைத் தாண்டும்.

சின்ன வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 20 மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடந்தால் ஒரு சதுர கி.மீ.க்கு 50 கி.மீ. நடை. 28 சதுர கி.மீ.க்கு 1,400 கி.மீ. நூறு பேர் இருந்தால் ஆளுக்கு 14 கி.மீ. புதரும் பாறையுமான சரிவில், பார்த்துப் பார்த்து நடக்கும்போது மணிக்கு 1 கி.மீ. போனாலே பெரிய விஷயம். ஆக இரண்டு முழுப் பகல். அதுவும் செங்குத்துப் பாறை, அருவி, ஆள் நுழைய முடியாத மூங்கில் காடு எதுவும் குறுக்கே வராவிட்டால். இவ்வளவும் செய்த பிறகும் அங்கே மயங்கிக் கிடக்கும் ஒருவர் கண்ணில் படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான்.

அதனால் வேலை தெரிந்த குழு எதுவும் "எல்லா இடத்திலும் தேடு" என்று ஆரம்பிப்பதில்லை. எங்கே முதலில், எங்கே பிறகு என்பதை முடிவு செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. அந்த முடிவுக்கான தகவல் பெரும்பாலும் மலையில் இல்லை. வீட்டில் இருக்கிறது, நிறுத்திவிட்டுப் போன வண்டியில் இருக்கிறது, கூட வந்த நண்பர்களிடம் இருக்கிறது.

முதல் மணி நேரத்தில் குழு என்ன கேட்கும் தெரியுமா? உயரம், வயது எல்லாம் இரண்டாம் பட்சம். செருப்பா ஷூவா, அடிப்பாகத்தில் என்ன வரி? அதே மாடல் ஷூ வீட்டிலோ நண்பர் காலிலோ இருந்தால், மடித்த துண்டின் மேல் அலுமினியத் தாளை விரித்து, அந்த ஷூவால் அழுத்தி மிதித்து எடுத்தால் தெளிவான அச்சு கிடைக்கும். அதைப் படமெடுத்து ஒவ்வொரு குழுவுக்கும் அனுப்பிவிடலாம். பையின் நிறம் என்ன? "சிவப்புப் பை" என்று வீட்டில் சொல்வார்கள், மழை வந்ததும் அதன் மேல் கறுப்பு மழை உறை மாட்டியிருப்பார், எல்லாரும் சிவப்பையே தேடிக்கொண்டிருப்பார்கள். எனவே உறையின் நிறமும் வேண்டும். சிகரெட் பிடிப்பாரா, என்ன பிராண்ட்? என்ன மிட்டாய், என்ன பிஸ்கட் எடுத்துப் போனார்? கீழே கிடக்கும் ஒரு உறை அவருடையதா என்று சொல்ல இது தேவைப்படும். கண்ணாடி இல்லாமல் தெரியுமா, காது கேட்குமா, எந்த மாத்திரையைத் தவறவிட்டால் என்ன ஆகும்? குறுக்கு வழியில் இறங்கும் பழக்கம் உண்டா? கிளம்பும்போது சண்டையா, மனச்சோர்வா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் குடும்பம் மழுப்பினால் தேடலின் திசையே தவறிப்போகும்.

மோப்ப நாய்க்கான பொருளை எடுப்பதில் நடக்கும் சொதப்பல்தான் அதிகம். அழுக்குத் துணிக்கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து நீட்டுவார்கள், அதில் குடும்பத்தினர் எல்லாருடைய வாசனையும் ஏறியிருக்கும். அவர் மட்டும் பயன்படுத்திய, துவைக்காத தலையணை உறை அல்லது காலுறையைச் சுத்தமான கையுறையோடு எடுத்துப் புதிய பையில் போட்டு மூட வேண்டும். வண்டியைப் பூட்டி, யாரையும் உட்காரவிடாமல் வைத்தால் ஓட்டுநர் இருக்கையே போதும்.

இதற்கிடையே களத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று, எல்லையை அடைப்பது. பாதை பிரியும் இடம், பாலம், கணவாய், சாலையைத் தொடும் இடம் என ஆள் வெளியே வரக்கூடிய வாய்களில் இரவும் பகலும் ஒருவரை விளக்கோடு உட்கார வைப்பார்கள். பார்க்க ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும் இந்த வேலை இல்லாவிட்டால், வட்டம் ஒவ்வொரு மணி நேரமும் பெரிதாகிக்கொண்டே போகும். மண் மிருதுவாக உள்ள இடங்களைச் சமன் செய்து வைத்துவிட்டு, யாராவது கடந்தார்களா என்று சில மணி நேரத்துக்கொரு முறை பார்ப்பதும் உண்டு.

இன்னொன்று விரைவுக் குழு. இரண்டு முதல் நான்கு பேர், குறைந்த சுமை, முதலுதவிப் பெட்டி, வாக்கிடாக்கி. இவர்கள் காட்டைச் சல்லடை போடுவதில்லை. பாதைகள், ஓடைகள், குடில்கள், பாறை விளிம்புகளின் அடிவாரம் என்று வேகமாக ஓடிப் பார்ப்பார்கள். குறிப்பாகத் தவறு நடக்கக்கூடிய இடங்களில் நிற்பார்கள்: மனிதப் பாதையைவிட மாட்டுத் தடம் அகலமாகத் தெரியும் இடம், பாதை ஓடையைக் கடந்து மறுகரையில் சற்றுத் தள்ளித் தொடங்கும் இடம், கொண்டைஊசி வளைவில் யாரோ குறுக்கே இறங்கி உண்டாக்கிய பொய்ப் பாதை. காலடி பார்ப்பவர்கள் உச்சி வெயிலை விரும்புவதில்லை. காலை, மாலை சாய்வெயில்தான் தடத்தின் விளிம்பில் நிழல் விழவைக்கும். இரவில் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடித்தாலும் அதே பலன். ஆனால் அதற்குள் ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் நல்லெண்ணத்தோடு அந்த இடத்தில் நடந்துவிட்டால் தடமும் போச்சு, வாசனையும் போச்சு.

வழிதவறியவர் எங்கே போவார் என்பதிலும் ஓரளவு ஒழுங்கு உண்டு. ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுபவர்கள் குறைவு, பெரும்பாலோர் நடந்துகொண்டே இருப்பார்கள். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. மலை ஓடை பல நேரம் அருவியிலோ இடுக்கிலோ போய் நிற்கும். இறங்கிய வழுக்குப் பாறையில் திரும்ப ஏற முடியாது, தண்ணீர்ச் சத்தத்தில் கூப்பிடுவதும் கேட்காது. போன் வைத்திருப்பவர்கள் இப்போது எதிர்த் திசையில், சிக்னலுக்காக மேலே ஏறுகிறார்கள். நேராகத்தான் நடக்கிறோம் என்ற எண்ணத்தையும் நம்ப முடியாது. சூரியனும் நிலாவும் தெரியாத நேரத்தில் மனிதர்கள் தம்மை அறியாமலே சுற்றி வளைத்து நடக்கிறார்கள் என்று ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2009ல் ஜிபிஎஸ் வைத்துக் காட்டினார்கள். சின்னக் குழந்தைகள் கதை வேறு. ஒளிந்து தூங்கிவிடும், பெயர் சொல்லி அழைத்தாலும் பல நேரம் பதில் வராது.

சரி, அடுத்தது மோப்ப நாய். பகலில் சரிவு சூடாகிக் காற்று மேல்நோக்கி ஏறும், இரவில் குளிர்ந்து பள்ளத்துக்குள் வடியும். அதனால் காற்றில் மோப்பம் பிடிக்கும் நாயைக் காலையில் முகட்டில் விடுவதும் மாலையில் பள்ளத்தின் வாயில் விடுவதும் வேறுவேறு பலன் தரும். நாய் ஒரு பாறையடியில் குரைக்கிறது என்றால் ஆள் அங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தமில்லை, மேலே இருந்து வடிந்த வாசனை அங்கே தேங்கி நிற்கலாம்.

டிரோனின் வெப்பக் கேமரா இலைகளைத் துளைத்துப் பார்க்காது. அடர்ந்த காட்டுக்கு மேலே அது காட்டுவது மர உச்சிகளின் வெப்பத்தைத்தான். வெயில் காய்ந்த பாறைகள் மாலையில் ஆளைப்போலவே ஒளிரும் என்பதால், பாறை முழுக்கக் குளிர்ந்த விடியற்காலையே அதற்கு நல்ல நேரம். அவசரத்துக்குப் போர்த்தும் வெள்ளித்தாள் போர்வை உடல் வெப்பத்தை உள்ளேயே வைத்திருக்கும், ஆகவே வெப்பக் கேமராவுக்குப் படுவதும் குறையும். வெறும் கண்ணுக்குத்தான் அது பளபளக்கும். ஹெலிகாப்டருக்கு மேகமும் பள்ளத்தாக்குக் காற்றும் பகை. உயரம் கூடக் கூட, காற்று அடர்த்தி குறைந்து அந்தரத்தில் நிற்கும் திறனும் குறையும்.

போன் விஷயத்தில் சினிமா பார்த்துவிட்டு எதிர்பார்ப்பது வேறு, நடப்பது வேறு. டவர் பதிவிலிருந்து பொதுவாகக் கிடைப்பது புள்ளி அல்ல, எந்தத் திசைப் பக்கம், எத்தனை தூரம் என்று ஒரு வில் போன்ற பட்டை. பழைய 2ஜியில் அந்தத் தூரப் படி சுமார் 550 மீட்டர், 4ஜியில் சுமார் 78 மீட்டர். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்த அலையாக இருந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும். பக்கத்து டவர் முகட்டுக்குப் பின்னால் மறைந்து, பள்ளத்தாக்குக்கு அப்பால் உள்ள டவரோடு போன் பேசிக்கொண்டிருக்கவும் கூடும். அந்த வில் வரைபடத்தில் விழும் இடங்களில், டவருக்கு நேர்ப்பார்வை உள்ள சரிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தாலே பரப்பு வெகுவாகச் சுருங்கும். ஒரு வேண்டுகோள்: வீட்டிலிருந்து ஓயாமல் கூப்பிடாதீர்கள். பேட்டரி தீரும். குறுஞ்செய்தி ஒன்று போதும்: "இடத்தை விட்டு நகராதே, போனை அணைத்துவை, இத்தனை மணிக்கு ஐந்து நிமிடம் போடு." ஸ்மார்ட் வாட்ச் கணக்கு, வரைபட ஆப்பின் நடமாட்டப் பதிவு ஆகியவற்றின் பாஸ்வேர்டு தெரிந்தால் உடனே கொடுங்கள்.

வரிசைத் தேடல் கடைசிக் கருவி. ஆள் தோளோடு தோள் சேர்ந்து போவது தடயம் பொறுக்கத்தான். ஆளைத் தேடும்போது இடைவெளியைக் களத்திலேயே அளப்பார்கள். ஒரு முதுகுப்பையைத் தரையில் வைத்து, அது மறையும்வரை பல திசைகளில் விலகி நடந்து, பிறகு மீண்டும் கண்ணில் படும்வரை நெருங்கி, அந்தத் தூரங்களின் சராசரியை எடுத்து, அதன் இரு மடங்கை இருவருக்கு நடுவே விடுவார்கள். முன்னே சொன்ன "பாதி வாய்ப்பு" இந்த இடைவெளிக்குத்தான். நேர்கோட்டில் நடப்பவர் நல்ல தேடுநர் அல்ல. புதரைச் சுற்றி, விழுந்த மரத்தின் மறுபக்கம் குனிந்து, பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துப் போகிறவரே நல்லவர். ஏறும்போது பாறைக்குப் பின்னால் மறைந்திருப்பது திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். வாக்கிடாக்கியில் நேரம் சொல்லி எல்லாரும் ஒன்றாக விசில் ஊதி, பிறகு ஒரு நிமிடம் அசையாமல் நிற்பதும் உண்டு. அந்த மௌனத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் முழுச் சுற்றும் வீண்.

இப்போது "தேடிய இடத்திலேயே ஏன் திரும்பத் தேடுகிறார்கள்?" என்று டிவியில் கேட்கும் கேள்விக்கு வருவோம். வரைபடத்தை ஓடை, முகடு, பாதை ஆகியவற்றால் துண்டுகளாகப் பிரித்து, அனுபவசாலிகள் தனித்தனியே ஒவ்வொரு துண்டுக்கும் சதவீதம் போட்டுச் சராசரி எடுப்பார்கள். வரைபடத்துக்கு வெளியே போயிருக்கலாம் என்பதற்கும் ஒரு பங்கு உண்டு. ஓடைப் பள்ளத்துக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வாய்ப்புள்ள தேடல் ஒன்று அங்கே நடந்தது, கிடைக்கவில்லை. பள்ளத்தின் பங்கு பூஜ்ஜியம் ஆகாது: 40ல் பாதி போக மீதி 20, மற்ற இடங்களின் 60ஐயும் சேர்த்த 80ல் அது 25 சதவீதம் ஆகும். மற்ற இடங்களின் பங்கு 60லிருந்து 75க்கு ஏறும், ஆனால் அந்த 75 பல துண்டுகளில் பிரிந்து கிடக்கும். ஆக 25 உள்ள அந்தப் பள்ளமே இன்னும் முதலிடத்தில் இருக்கலாம். மறுபடி அதே அளவு தேடினால் 14 ஆகும். அப்போதுதான் வேறு துண்டுக்குப் போவதில் பொருள் உண்டு. இந்தத் தேடல் கணிதத்தின் அடித்தளம் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கணிதவியலாளர் பெர்னார்ட் கூப்மன் முதலியோர் போட்டது. 1968ல் அட்லாண்டிக்கில் மூழ்கிய ஸ்கார்பியன் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும்போது, இப்படிப் பங்குகளைத் திருத்திக்கொண்டே போகும் முறை பயன்பட்டது.

எவ்வளவு அருகில் தவறவிட முடியும் என்பதற்கு அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2013 ஜூலையில் நடந்ததைப் பார்க்கலாம். அப்பலாச்சியன் நெடும்பாதையில் நடந்துகொண்டிருந்த 66 வயதுப் பெண், இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகி, திரும்ப வழி தெரியாமல் போனார். கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாமல் போகவே இல்லை. சிக்னலுக்காக மேலேறி, அடர்ந்த மரங்களுக்குக் கீழே கூடாரம் போட்டார். பெரிய அளவில் தேடல் நடந்தது. அவருடைய குறிப்பேட்டின்படி மூன்று வாரத்துக்கும் மேல் உயிரோடு இருந்திருக்கிறார். உடல் கிடைத்தது 2015 அக்டோபரில், பாதையிலிருந்து 3 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில். நாய்க் குழுக்கள் சுமார் 100 கஜம் நெருக்கத்தில் கடந்து போயிருந்ததாகப் பின்னர் வெளியான ஆவணங்கள் சொல்லின. வேலை தெரியாத குழு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கூடாரம் மரத்தடியில் இருந்ததால் மேலிருந்து தெரியவில்லை, காடு அடர்த்தியாக இருந்ததால் பக்கத்திலிருந்தும் தெரியவில்லை.

தேடலை "நிறுத்திவிட்டார்கள்" என்ற செய்தியும் பெரும்பாலும் முழு உண்மை அல்ல. தினசரித் தேடலை நிறுத்தி, புதுத் தகவல் வந்தால், அல்லது இலை உதிர்ந்து பனி உருகிப் பார்வை திறந்தால் மறுபடி போவதுதான் வழக்கம்.

உங்கள் வீட்டு ஆள் காணாமல் போனால் நீங்களாகக் கிளம்பி ஏறாதீர்கள். கட்டுப்பாட்டு இடத்தில் பெயர் பதிந்து, சொன்ன துண்டில் மட்டும், சொன்ன நேரத்தில் திரும்புவதாக இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் இரண்டாவதாகத் தேட வேண்டிய ஆள் நீங்கள்தான்.

தொலைந்தது நீங்களே என்றால்: வழி தவறியது புரிந்த இடத்திலேயே நில்லுங்கள். மரத்தடியில் ஒதுங்கினாலும், பளிச்சென்ற துணியை அருகிலுள்ள திறந்த வெளியில் விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். ஓடைச் சத்தத்திலிருந்து விலகி இருங்கள், தண்ணீர் எடுக்க மட்டும் போய் வாருங்கள். ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் முறைப்படி நிமிடத்துக்கு ஆறு விசில், பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. இரவில் அதையே டார்ச்சால் செய்யலாம். பதிலாக நிமிடத்துக்கு மூன்று கேட்டால் எழுந்து ஓடாதீர்கள், ஊதுவதையும் நிறுத்தாதீர்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் அவர்கள் வருவார்கள், அதற்கு நீங்கள் அதே இடத்தில் இருக்க வேண்டும்.