ஜெர்மன் குறியீட்டுக் கவிஞர் ஷ்டெஃபான் கெயோர்கே ஏன் முக்கியமானவர்?

கேள்விக்கு ஒரே சொல்லில் விடை வேண்டுமென்றால், ஒழுங்கு. 1868இல் ரைன் நதிக்கரையில், பிங்கனை அடுத்த பூடஸ்ஹைமில் பிறந்தவர் கெயோர்கே. 1889இல் பாரிஸ் சென்று, பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மேயின் வீட்டில் செவ்வாய்தோறும் கூடிய கவிஞர்களோடு அமர்ந்தார். கவிதை செய்தி சொல்வதற்கல்ல, சொல்லின் ஓசையிலேயே வாழ்வது என்ற எண்ணம் அங்கே அவருக்குள் வேரூன்றியது. இன்னொரு பிரெஞ்சுக் கவிஞரான போதலேரின் கவிதைகளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். 1892இல் தொடங்கிய தன் சிற்றிதழைத் தெரிந்தெடுத்த சிலருக்கு மட்டுமே அனுப்பினார்.

ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். இவர் அவற்றைச் சிறிய எழுத்தில் எழுதினார், நிறுத்தற்குறிகளையும் குறைத்தார். கண் தடுமாறி, வாசிப்பு மெதுவாகும். அந்த மெதுவில்தான் ஓசை கேட்கிறது! 1897இல் வந்த 'ஆன்மாவின் ஆண்டு' தொகுப்பின் இலையுதிர்காலப் பூங்காக் கவிதைகளிலிருந்து தொடங்குங்கள். அவருடைய உச்சம் அதுவே என்பேன். பிற்காலத்தில் தீர்க்கதரிசியின் குரலில் எழுதியவை என்னை அவ்வளவு தொடவில்லை.

இசையிலும் அவர் தடம் உண்டு. 1908இல் அரங்கேறிய, இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இரண்டாம் நரம்பிசை நால்வர் படைப்பில், வேறொரு கோளின் காற்றை உணர்வதாகப் பாடும் வரி இவருடையது.

அவரைச் சுற்றிச் சீடர் வட்டம் ஒன்று இருந்தது. நாஜிகள் 1933இல் பதவியும் மரியாதையும் தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் லொகார்னோ அருகே இறந்தார். 1944இல் ஹிட்லரைக் கொல்லக் குண்டு வைத்த கிளாஸ் ஃபான் ஷ்டாஃபன்பெர்க், அந்த வட்டத்தில் வளர்ந்த இளைஞர்களில் ஒருவர்.