ரயிலும் கோதுமையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ரயில் பாதைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். விளைபொருளுக்குத் தொலைதூரச் சந்தையைத் திறந்துவிட்ட ரயில் நிறுவனங்களை அந்நாட்டு விவசாயிகளே பின்னர் பகைத்துக்கொண்டது செய்ந்நன்றி மறந்த செயல் அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1860இல் ஏறத்தாழ 30,000 மைலாக இருந்த பாதை, 1890இல் 1,60,000 மைலைத் தாண்டியது. 1869 மே 10 அன்று யூட்டாவில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பாதைகள் இணைந்ததையும், அங்கே அறையப்பட்ட பொன் ஆணியையும் பற்றியே எல்லோரும் எழுதுகிறோம். என் கட்டுரையும் அதற்கு விலக்கல்ல. உங்கள் கேள்விக்கான விடையோ சிகாகோவின் தானியக் கிடங்குகளில் இருக்கிறது.

ஆற்றுப் படகுகளின் காலத்தில் கோதுமை சாக்கில் போயிற்று. விற்று முடியும்வரை அந்தச் சாக்கு இன்னாருடையது என்று அடையாளம் காண முடிந்தது. ரயில் வந்தபின், பெட்டிகளை விரைவாகக் காலிசெய்ய வேண்டியிருந்ததால், நீராவியால் இயங்கிய ஏற்றிகள் தானியத்தை அள்ளி உயர்ந்த கிடங்குகளில் ஒன்றாகக் கொட்டின. கலந்துவிட்ட கோதுமையில் யாருடையது எது என்று பிரிக்க இயலாது என்பதால், 1848இல் தொடங்கப்பட்ட சிகாகோ வணிக வாரியம் அடுத்த பத்தாண்டில் அதைத் தரம் பிரித்தது; பின்னர் கிடங்கு கொடுத்த ரசீதே கைமாறும் சரக்காகி, இன்னும் அறுவடையாகாத தானியத்துக்கும் விலை பேசப்பட்டது. நல்ல கோதுமை விளைவித்தவனின் பெயர் அந்தக் குவியலில் கரைந்துபோயிற்று.

அவன் கைக்கு வந்தது சிகாகோ விலையில் கிடங்கு வாடகையும் ரயில் கட்டணமும் போக எஞ்சியதுதான். பெருநகரங்களுக்கு இடையே பல நிறுவனங்கள் போட்டியிட்டதால் கட்டணம் குறைந்தது. ஒரே பாதை மட்டும் போன சிற்றூரிலோ குறுகிய தூரத்துக்கு நெடுந்தூரத்தைவிட அதிகமாகக் கேட்டார்கள். இத்தனைக்கும் பசிபிக் பாதைக்காக 1862இல் இயற்றப்பட்ட சட்டம், போடப்படும் ஒவ்வொரு மைலுக்கும் பத்துச் சதுர மைல் நிலத்தை நிறுவனங்களுக்கு வழங்கியது. 1864இல் அது இரட்டிப்பானது. (அந்நிலங்களில் வாழ்ந்த பூர்வகுடிகளிடம் கேட்டுக்கொண்டு கொடுக்கவில்லை.) பொது நிலத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் பொதுமக்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று விவசாயிகள் வாதிட்டதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

கிடங்குக் கட்டணத்துக்கு இல்லினாய் மாநிலம் விதித்த உச்சவரம்பு செல்லும் என்று 1877இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் சிகாகோவின் தானியக் கிடங்கு ஒன்றைப் பற்றிய வழக்கே. ஆனால் மாநில எல்லை கடக்கும் ரயில் கட்டணத்தில் மாநிலங்கள் தலையிட முடியாது என்று 1886இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட, மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டமியற்றி ஒரு கூட்டாட்சி ஆணையத்தை அமைத்தது. ஒரே பாதையில் குறுந்தூரத்துக்குக் கூடுதலாக வாங்குவதை அச்சட்டம் பொதுவாகத் தடைசெய்தது. எனினும் உச்சக் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு 1906இல்தான் கிடைத்தது.

அன்புடன்.