இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல், டிஎம்டி எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதமாக மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்கிறார். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறது. இசிஜி, எக்கோ நார்மல். ஆனாலும் டாக்டர் டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் இசிஜி) எழுதிக் கொடுத்திருக்கிறார். "வெறும் கேஸ்தான்" என்று அப்பா மறுக்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: எடுக்க வேண்டும், இந்த வாரமே. நடந்தால் வருவதும் நின்றால் போவதும் இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வலியின் குணம். வாயுத் தொல்லை இப்படிப் படியேறும்போது மட்டும் வராது.

இசிஜி என்பது படுத்திருக்கும்போது சில நொடிகள் எடுக்கும் இதயத்தின் மின் பதிவு. இதய ரத்தக் குழாயில் 70 சதவீதம் அடைப்பு இருந்தாலும், ஓய்வில் இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதனால் இசிஜி நார்மலாக வரலாம். எக்கோவில் இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது, வால்வுகள் எப்படி என்று பார்க்கிறோம். குழாய் அடைப்பு அதில் நேரடியாகத் தெரியாது.

அதனால்தான் டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்க்கிறோம். நெஞ்சில் மின்முனைகளை ஒட்டிவிடுவார்கள். ஆண்களுக்கு அந்த இடத்தில் முடியை மழிக்க வேண்டியிருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரை நாடித்துடிப்பை ஏற்றுவது வழக்கம். அப்பாவுக்கு அது சுமார் 138. நடக்கும்போது வலித்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். பரீட்சையில் தோற்றுவிடுவோம் என்பதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பவர்கள் நிறைய பேர். அந்த வலிதான் எங்களுக்கு வேண்டிய தகவல். இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டு, ஷூ போட்டு வரட்டும். எந்த மாத்திரையை நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மூட்டு வலியால் நடக்க முடியாதென்றால் நடப்பதற்குப் பதில் மருந்து கொடுத்து இதயத்துக்கு வேலை கூட்டிப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ இருக்கிறது. டிஎம்டியும் சில நேரம் அடைப்பைத் தவறவிடும். சர்க்கரையும் இப்படிப்பட்ட வலியும் இருப்பவருக்கு டிஎம்டி நார்மல் என்றாலும் நான் அதோடு விடமாட்டேன். இதய ரத்தக் குழாய்களையே படம் எடுக்கும் ஆஞ்சியோ தேவைப்படலாம்; அது சிடி ஸ்கேனில் எடுக்கும் சிடி ஆஞ்சியோவாகவோ, மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி எடுப்பதாகவோ இருக்கலாம். இரண்டிலும் சாயம் செலுத்துவதால் முன்னதாக கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். வலி இப்போது முன்பைவிடக் குறைந்த நடைக்கே வருகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறதா? அப்படியென்றால் டிஎம்டி கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சடைப்பு, வியர்வை, மூச்சுத் திணறல் சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். சோடா, ஓமத் தண்ணீர் என்று நேரத்தைக் கடத்த வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் வரலாம். அவசரப் பிரிவில் இதயத் தசை பாதிப்பைப் பார்க்க எடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை முதலில் நார்மலாக வந்தாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். தசை பாதிப்பு ரத்தத்தில் தெரிய நேரமாகும்.

செலவை நினைத்துத் தயங்கினால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆஞ்சியோவுக்குத் தேதி வாங்கும்போதே அந்த அட்டையை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.