அண்ணன் பதிந்துவைத்த கார்ட்டூன் கேசட்டுகள்: கொடுக்கலாமா?

கேள்வி: என் அண்ணன் சின்ன வயதில் டிவியில் வந்த கார்ட்டூன்களை வீடியோ கேசட்டில் பதிந்துவைத்திருந்தார். மொத்தம் 18 கேசட்டுகள். அதில் ஒரு தொடரைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் ஒரிஜினல் இப்போதும் அங்கங்கே கிடைக்கிறது. ஆனால் நாங்கள் கேட்டு வளர்ந்த தமிழ் டப்பிங் எங்கேயும் இல்லை. பழைய கார்ட்டூன் சேகரிப்பவர் ஒருவர், கேசட்டுகளை அனுப்பினால் இலவசமாக டிஜிட்டலாக்கித் தருவதாகவும் கேசட்டுகளைத் தானே வைத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். இன்னொருவர், ஏஐ மூலம் 4கே தரத்துக்கு மாற்றித் தருவேன் என்கிறார். யாரிடம் கொடுப்பது? வீட்டிலேயே செய்ய முடியுமா? பதிவு செய்த பழைய விசிஆர் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) பரணில் கிடக்கிறது.

பதில்: இருவரிடமும் கொடுக்காதீர்கள். பரணில் கிடக்கும் விசிஆரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் தேவை பின்னால் வரும்.

உங்களிடம் இருப்பது என்னவென்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கார்ட்டூனை வேறு மொழிக்கு விற்கும்போது படத்தோடு, வசனம் நீக்கிய இசையும் சத்தமும் மட்டுமான ஒலித்தடம் ஒன்றையும் தருவார்கள். வாங்கியவர் அதன் மேல் தன் மொழி வசனத்தைப் பேச வைத்துச் சேர்ப்பார். ஒளிபரப்பு உரிமை சில ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்ததும் ஒரிஜினலைத் தயாரித்தவர் ஒரிஜினலைப் பத்திரமாக வைத்திருப்பார். டப்பிங் தடத்தைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்காது. சேனல் கைமாறும், ஸ்டுடியோ மூடப்படும், டேப்பின் மேல் வேறு நிகழ்ச்சி பதிவாகும். அதனால்தான் படம் கிடைக்கிறது, குரல் கிடைக்கவில்லை. அந்தக் குரல் உங்கள் அண்ணனின் கேசட்டில் மட்டுமே மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

வீட்டுப் பதிவுக்கு அவ்வளவு மதிப்பா என்று நினைக்க வேண்டாம். பிபிசி தன் டாக்டர் ஹூ தொடரின் 1960களின் எபிசோடுகள் பலவற்றை அழித்துவிட்டது. அப்படித் தொலைந்த எபிசோடுகளுக்கும் ஒலி இன்று இருக்கிறது. காரணம், அன்று வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்கள். அந்த ஒலியை வைத்துத்தான் 'தி இன்வேஷன்' கதையின் தொலைந்த இரண்டு பகுதிகளைக் காஸ்குரோவ் ஹால் ஸ்டுடியோ அனிமேஷனாக வரைந்து, 2006-இல் டிவிடியாக வந்தது. உங்களுக்கு வேலை இன்னும் எளிது. படம் ஏற்கெனவே இருக்கிறது, ஒலியைக் காப்பாற்றினால் போதும். அதனால் எந்த முடிவெடுத்தாலும் ஒலியை முதலில் நினையுங்கள்.

இனி அந்தச் சேகரிப்பாளர். நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 'இலவசம், கேசட் எனக்கு' என்ற பேரத்தில் நான் பார்த்ததெல்லாம் ஒரே கதைதான். கேசட்டுகள் போகும். சில வாரம் கழித்து ஒரு சின்ன ஃபைல் வரும். மூலையில் அவருடைய லோகோ படத்தோடு படமாகப் பதிந்திருக்கும், அதை நீக்கவே முடியாது. விளம்பரங்கள், சேனல் அறிவிப்புகள், அடுத்த நிகழ்ச்சிக்கான முன்னோட்டம் எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். தரம் போதவில்லை, மறுபடி எடுத்துத் தாருங்கள் என்று கேட்டால் கேசட் யாருக்கோ விற்றுப் போயிருக்கும். வெட்டிய விளம்பரங்கள் குப்பை அல்ல. எந்த ஆண்டு, எந்த மாதம் ஒளிபரப்பானது என்று கண்டுபிடிக்கப் பல சமயம் அவைதான் ஒரே சாட்சி. காசு வாங்கிக்கொண்டு செய்பவராக இருந்தாலும் சரி, இலவசமாகச் செய்பவராக இருந்தாலும் சரி, கேசட் திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒரு கேசட்டுக்கு மேல் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

4கே பற்றி. வீடுகளில் வழக்கமாக இருந்த விஎச்எஸ் வகைக் கேசட்டில் அகலவாக்கில் ஏறக்குறைய 240 கோடு அளவுக்குத்தான் விவரம் இருக்கிறது. 4கே என்பது அகலத்தில் 3840 புள்ளிகள். நடுவில் இருக்கும் வித்தியாசத்தை ஏஐ கற்பனையால்தான் நிரப்பும். கார்ட்டூனில் இது இன்னும் மோசம். கையால் வரைந்த கோட்டில் இருக்கும் லேசான நடுக்கத்தை அது குறை என்று நினைத்து வழித்துவிடும். படம் வரையும் 'செல்' என்ற ஒளி ஊடுருவும் தாளின் மேல் விழுந்த தூசி, வண்ணத்தின் ஏற்ற இறக்கம், தூரத்தில் நிற்கும் பாத்திரத்தின் முகம், இவையெல்லாம் மெழுகுப் பூச்சாகிவிடும். ஆசையாக இருந்தால் பின்னால் ஒரு பிரதி எடுத்து அதில் செய்துபாருங்கள். அதையே மூலப்பிரதி என்று யாராவது கையில் கொடுத்தால் ஏமாற வேண்டாம்.

வீட்டிலேயே செய்யலாமா? செய்யலாம். முதலில் ஒவ்வொரு கேசட்டின் முதுகுப் பக்கத்தையும் பாருங்கள். லேபிள் ஒட்டும் அந்த விளிம்பின் இடது மூலையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். அப்புறம் அந்தக் கேசட்டில் தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது. அடுத்து, கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே டேப் சுற்றை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பலாகவோ பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைப் போடவே கூடாது. போட்டால் டேப்பைப் படிக்கும் பாகமான விசிஆரின் ஹெட்டில் ஒட்டி அடுத்து வரும் கேசட்டுகளுக்கும் பரவும். அவற்றை மட்டும் டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வேறு வகை டேப்புக்கு, வேறு கோளாறுக்கு, கட்டுப்பாட்டோடு செய்கிற சிகிச்சை.

சரி, இனி பெரிய தவறு. ஆசை தாங்காமல் 'முதலில் ஒரு தடவை பார்த்துவிடலாம், அப்புறம் பதிந்துகொள்ளலாம்' என்று போடுவார்கள். பல ஆண்டு ஓடாத டேப்புக்கு முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாக இருக்கலாம். நடுவில் மடங்கும், கசங்கும், சில நேரம் அறுந்தும் போகும். அதனால் முதல் ஓட்டமே பதிவு ஓட்டமாக இருக்கட்டும். எல்லா இணைப்பையும் போட்டு, அண்ணனுக்கும் உங்களுக்கும் வேண்டாத ஏதாவது ஒரு கேசட்டில் சோதித்துவிட்டு, அதற்குப் பிறகு இந்தக் கார்ட்டூன் கேசட்டைக் கையில் எடுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

விசிஆரைக் கணினியோடு இணைக்க யுஎஸ்பி கருவிகள் விற்கிறார்கள். அவற்றில் மலிவானவை பழைய டேப்பில் சிக்னல் தடுமாறும் இடத்தில் படத்தின் சில ஃபிரேம்களைத் தவறவிட்டுவிடும். ஒலி தொடர்ந்து ஓடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வாயசைவு ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம். இதைத் தவிர்க்க நடுவில் சிக்னலைச் சீராக்கும் ஒரு கருவி தேவை. டைம் பேஸ் கரெக்டர் என்பார்கள். தனியாக வாங்க முடியாவிட்டால் பழைய டிவிடி ரெக்கார்டர்களில் சில அந்த வேலையைச் செய்யும். விசிஆரை அதில் செருகி, அதன் வெளியீட்டைக் கணினிக்குக் கொடுங்கள். விசிஆரில் எஸ்-வீடியோ என்ற வட்டத் துளை இருந்தால், படத்துக்கான வழக்கமான மஞ்சள் பின்னைவிட அது மேல்.

எந்த விசிஆரில் ஓட்டுவது? பொதுவாக, நன்றாகப் பராமரித்த, ஹை-ஃபை ஒலி உள்ள விசிஆர் எதுவானாலும் சரி. விஎச்எஸ் டேப்பில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று டேப்பின் ஓரத்தில், இன்னொன்று படத்துக்கு அடியில். அடியில் இருப்பது மிகத் தெளிவாக இருக்கும், ஆனால் ஹை-ஃபை விசிஆரில் மட்டுமே கேட்கும். டப்பிங்தான் உங்கள் புதையல் என்பதால் இரண்டையும் சோதியுங்கள்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிறுவர் நிகழ்ச்சி பதிந்த வீடுகளில் இது அடிக்கடி நடந்திருக்கிறது. கேசட்டை மிச்சப்படுத்த 'லாங் பிளே' வேகத்தில் பதிந்திருப்பார்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் இருந்தால் அது லாங் பிளே. சாதாரண வேகத்திலேயே டேப்பில் ஒரு படத்தடத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். லாங் பிளேயில் அதில் பாதி. பதிந்த விசிஆரின் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் தடமும் அதே சாய்வில்தான் பதிந்திருக்கும். வேறு நல்ல விசிஆரில் போட்டால், அதன் ஹெட் சரியாக நேராக இருப்பதாலேயே, தடத்தை விட்டு விலகி ஓடும். படம் முழுக்கப் புள்ளிமழை, ஒலி இரைச்சல். பலர் இதைப் பார்த்து 'கேசட் கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டி எறிந்துவிடுகிறார்கள். கேசட் கெடவில்லை. பதிந்த அதே விசிஆரில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் படம் வந்துவிடும். அதற்காகத்தான் பரணில் இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம் என்றேன். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போதும் பெல்ட், ரப்பர் உருளைகளை மாற்றி ஹெட்டைத் துடைக்கச் சொல்லுங்கள். 'அலைன்மென்ட் சரிசெய்கிறேன்' என்று அவர் ஆரம்பித்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அந்தச் சாய்வுதான் உங்கள் கேசட்டுகளுக்குச் சாவி. அதே விசிஆரிலும் படம் ஆடினால் டிராக்கிங் பொத்தானை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எல்லா லாங் பிளே கேசட்டுகளையும் பதிந்து முடிக்கும்வரை அந்த விசிஆரை வேறு எதற்கும் ஓட்டாதீர்கள்.

புது விசிஆர் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

பதிவான ஃபைல் பெரிதாக இருக்கும், பயப்பட வேண்டாம். DV என்ற பழைய டிஜிட்டல் வீடியோ ஃபார்மட்டில் மணிக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். தரம் இழக்காமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 முறையில் அதைவிட அதிகம். மூலப்பிரதியை அப்படியே வைத்து, பார்ப்பதற்கு ஒரு சின்னப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அசைவில் படத்தின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் மூலப்பிரதியில் அதைத் திருத்தப் போகாதீர்கள், அது பழைய டிவியின் இயல்பு. ஒரே டிஸ்க்கில் வைக்காமல் இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வேறு வீடு.

சட்டம் என்ன சொல்கிறது என்ற கவலையும் உங்களுக்கு வரும். வீட்டில் பார்க்க வைத்துக்கொள்வது ஒன்று, பொதுவெளியில் ஏற்றுவது வேறு. இரண்டாவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். அந்த உரிமையாளர் யார் என்று தேடினால்தான் கோபம் வரும். கம்பெனி கம்பெனியாகக் கைமாறி, கடிதம் எழுதினால் பதிலே வராது. விற்கவும் மாட்டார்கள், காட்டவும் மாட்டார்கள், பாதுகாக்கவும் மாட்டார்கள். 2022 ஆகஸ்டில் எச்பிஓ மேக்ஸ் தளத்திலிருந்து இன்ஃபினிட்டி ட்ரெயின், சம்மர் கேம்ப் ஐலண்ட் போன்ற தொடர்களை ஒரே வீச்சில் எடுத்தார்கள். அவ்வளவு புதிய தொடர்களுக்கே அந்தக் கதி என்றால், பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பழைய தொடரின் டப்பிங்கை எவர் தேடித் தரப் போகிறார்? காந்த டேப்புகளை 2025-க்குள் டிஜிட்டலாக்காவிட்டால் பலவற்றை நிரந்தரமாக இழப்போம் என்று ஒலி-ஒளி ஆவணக் காப்பகத்தார் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். யுனெஸ்கோவும் சேர்ந்து 2019-இல் எச்சரிக்கை விடுத்தது. உரிமை வைத்திருந்த பெரிய கைகள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. காப்பாற்றுகிற வேலை உங்களைப் போன்ற வீடுகளின் தலையில் விழுந்திருக்கிறது. பதிவு முடிந்ததும் பொதுக் காப்பகம் ஒன்றுக்கு எழுதி, இப்படி ஒரு டப்பிங் இருக்கிறது என்று தெரிவியுங்கள். பிரதியைக் கொடுங்கள், கேசட்டைக் கொடுக்க அவசரம் இல்லை.

பதிந்த பிறகும் கேசட்டுகளைப் படுக்கப் போடாமல் புத்தகம்போல நிறுத்தி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். அப்புறம் அண்ணனிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த சேனல், எந்த ஆண்டு, என்ன கிழமை, எத்தனை மணிக்கு, எந்த எபிசோடோடு நின்றது, குரல் கொடுத்தவர் பெயர் எதுவும் திரையில் வந்ததா. அவர் சொல்வதை ஃபைலின் பெயரிலும் கேசட்டின் லேபிளிலும் எழுதிவிடுங்கள். சந்தேகமாகச் சொன்னதைச் சந்தேகம் என்றே குறியுங்கள்.